எட்டு விநாடி தாமதத்தோடு நாலு வருடம்

எங்கள் பண்பலையில் காலை நேயர் அழைப்பு நிகழ்ச்சிக்கு ஒலிப்பொறுப்பு என்னுடையது. பேசுவதைச் சில விநாடி பிடித்து வைத்து, பிந்தி ஒலிபரப்பாக விடும் ஈவன்டைட் பிடி600 தாமதக் கருவியை நாலு வருடமாக அதில் ஓட்டுகிறேன். 80 விநாடி வரை தாங்கும். நாங்கள் வைத்திருப்பது 8.

கெட்ட வார்த்தைக்குப் பயந்துதான் வாங்கினோம். அதற்காக, பிடித்து வைத்த பேச்சை வெளியே போகும் முன் வெட்டும் டம்ப் பொத்தானை அழுத்திய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிகம் அழுத்த வைத்தவை ஆட்களின் பெயரும் போன் நம்பரும்தான். தண்ணீர்ப் பிரச்சினை பேச வந்த ஒரு அம்மா, கோபத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்றார். உடனே அழுத்தினேன். தாமதத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதால் கடைசி 4 விநாடி மட்டும் போனது. அவர் அதே பெயரை மறுபடி சொன்னார். மீதி 4 விநாடி கைவசம் இருந்ததால் அதையும் எடுக்க முடிந்தது. “எங்க தெருவுல தண்ணி வந்து ஆறு நாளாச்சு” என்ற அவருடைய புகார் மட்டும் வெளியே போனது. அதுதானே போக வேண்டியது.

டம்ப் செய்தபின் கருவி பேச்சைத் துளித்துளியாக இழுத்து, இழந்த விநாடிகளைச் சேர்த்துக்கொள்ளும். பேச்சில் தெரியாது. பின்னணியில் நாகஸ்வரம் ஓடினால் நல்ல காதுக்குப் பிடிபட்டுவிடும். அதனால் முன்னுரை பேச்சிலேயே தாமதத்தைச் சேர்த்து, 8 முழுதாக வந்த பிறகே முதல் அழைப்பை எடுக்கிறேன்.

நாங்கள் உண்மையில் திணறியது ஹெட்போனில். தொகுப்பாளர் முன்பெல்லாம் வானொலியில் போவதையே காதில் கேட்பார். முதல் நாள் தன் குரலே எட்டு விநாடி பிந்தி வந்ததும் நாக்கு பின்னிக்கொண்டது. மிக்சரிலிருந்து, கருவிக்குள் போவதற்கு முந்தைய ஒலியைக் கொடுத்ததும் சரியானது. நேயருக்கும் இதே கதிதான். “ரேடியோவை அணைச்சிட்டுப் பேசுங்க” என்று அழைப்பு காத்திருக்கும்போதே சொல்லிவிடுகிறோம். செயலியில் கேட்பவருக்கு இன்னும் பிந்தி வருவதால் ‘முதலில் அழைப்பவருக்குப் பரிசு’ என்பதையே நிறுத்திவிட்டோம். அது நியாயமாக இல்லை.

தும்மலுக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை வரும் சத்தம் வெளியே போகாது. பனிக்காலத்தில் தினமும் உதவுகிறது.

முடிக்கும்போதுதான் கவனம் வேண்டும். கடைசி அழைப்பு ஆனதும் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்துக்குக் கரைக்க வேண்டும். ஒருமுறை மறந்து அப்படியே விளம்பரத்துக்கு மாறிவிட்டேன். தொகுப்பாளரின் “வணக்கம்” கருவிக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன வருடம் தொகுப்பாளர் மேசைக்கும் வயர் இழுத்து ஒரு டம்ப் பொத்தான் வைத்தோம். அழைப்பவரின் மூச்சு மாறுவது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. பாதி நேரம் எனக்கு முன்னால் அவரே அழுத்திவிடுகிறார்.