குழந்தைகள் ஜிபிஎஸ் வாட்ச்: 53 வயதுக்காரருக்கு வாங்கினேன் (5-க்கு 3 ஸ்டார்)

ஆப்பைத் திறந்ததும் குழந்தையின் பெயர், வயது, வகுப்பு என்று கேட்டது. வயதுப் பட்டியல் 18-ல் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் 18 என்றே போட்டேன். மகள் பிளஸ் டூ. அவளைவிட ஒரு வயசுதான் மூப்பு இப்போது என் வீட்டுக்காரருக்கு.

நாகர்கோவில் – களியக்காவிளை ரூட்டில் 22 வருஷம் கண்டக்டராக இருந்தவர். 49-ல் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. கலெக்‌ஷன் குறையும், கைக்காசு போட்டுக் கட்டுவார். குடிக்கிறார் என்று பேச்சு வந்தது; சாயாவைத் தவிர எதையும் தொடாத மனுஷன். ஒரு டாக்டர் மன அழுத்தம் என்று ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார். கடைசியில் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்து, எம்ஆர்ஐ எடுத்து, அரைநாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அல்சைமர் என்கிற மறதி நோய் என்றார்கள். "இந்த வயசிலயா?" என்று கேட்காத ஆள் இல்லை. அல்சைமர் என்கிற டாக்டர் 1901-ல் பார்த்த அந்த முதல் நோயாளிக்கே 51 வயசுதான். கேட்கிறவர்களுக்கு இப்போது இதைச் சொல்லிவிடுகிறேன்.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். இது 2ஜி மாடல். 2ஜி இருக்கிற கம்பெனி சிம்தான் எடுக்கும். அது தெரியாமல் எனக்கு இரண்டு நாள் வீணாய்ப் போச்சு. வெட்டவெளியில் இடத்தைச் சரியாகவே காட்டுகிறது. வீட்டுக்குள் இருந்தால் டவரை வைத்துக் கணக்குப் போடும்போல. அவர் திண்ணையில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருக்க, மேப்பில் அரைக் கிலோமீட்டர் தள்ளி ரப்பர் தோட்டத்துக்குள் நின்றார். முதல் தடவை ஓடிப்போய்ப் பார்த்தேன். சார்ஜ் ஒரு நாள் நிற்கும், அதுவும் கஷ்டப்பட்டு.

பெரிய சிவப்பு எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கிறது. விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தவன்தானே பட்டனை அமுக்குவான்? இவர் கணக்கில் இவர் வழி தவறுவதே இல்லை, டியூட்டிக்குப் போகிறார். தக்கலையில் கிடைத்த பஸ்ஸில் ஏறி, அழகியமண்டபம், சுவாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை என்று ஒரு ஸ்டாப் பிசகாமல் சொல்லிக்கொண்டே போவார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது.

ஸ்டாப் சொல்வதை நான் கேட்டது வாட்ச் வழியாகத்தான். அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்கிற வசதி ஒன்று இருக்கிறது. ஒரு தடவை போட்டேன். என்னவோபோல் இருந்தது, பிறகு போடவில்லை.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவைத்தால், அதைத் தாண்டினதும் நம் போனில் மணி அடிக்கும். அடிக்கிறது, ஆனால் பத்து நிமிஷம் பிந்தி. அதற்குள் பஸ் அழகியமண்டபம் தாண்டியிருக்கும். இதுவரை நாலு தடவை போயிருக்கிறார். மூணு தடவை வாட்சுக்கு முன்னால் எனக்குப் போன் வந்துவிட்டது. "மைனி, அண்ணன் நம்ம வண்டியிலதான் இருக்காரு. பயப்படாண்டாம், திரும்பும்போ எறக்கி விடுகேன்." நாலாவது தடவை வண்டியில் புதுப் பையன், இவரைத் தெரியாதவன். அன்றைக்கு வாட்ச்தான் காட்டிக்கொடுத்தது, களியக்காவிளை ஸ்டாண்டில். அந்த ஒரு நாளுக்காகத்தான் மூணு ஸ்டார்.

மீதி இரண்டு ஸ்டாரைக் குறைத்தது பட்டை. நீல ரப்பர், அதில் கரடிப் படம். கட்டிவிட்டால் ரெண்டு நிமிஷத்தில் கழற்றிவிடுவார். "இது பிள்ளையளுக்க வாட்ச், நமக்கு என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி. அவருடைய பழைய எச்எம்டி இடது கையில் இருக்கிறது. அதில் இப்போது மணி பார்க்கத் தெரியாது, ஆனாலும் தினமும் சாவி கொடுக்கிறார். ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

நான் தையல்காரி. அவர் கக்கத்தைவிட்டு இறங்காதது அந்தத் தோல் பை ஒன்றுதான், சில்லறை போடுகிற பை. பட்டையைக் கழற்றி, வாட்ச்சை மட்டும் பையின் உள்மடிப்பில் ஒரு அறை தைத்துப் போட்டேன். ராத்திரி அவர் தூங்கினபிறகு எடுத்து சார்ஜ் போட்டு, விடிவதற்குள் திரும்ப வைத்துவிடுவேன். எட்டு மாசமாக அங்கேதான் இருக்கிறது. பையில் பத்து ரூபாய் நாணயமாக நூறு ரூபாயும் போட்டுவைக்கிறேன். அது இல்லாவிட்டால் பையை வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வாங்குகிறவர்கள் 4ஜி மாடலும் கறுப்புப் பட்டையும் பார்த்து வாங்குங்கள். சார்ஜர் காந்தத்தில் ஒட்டுகிற வகை. வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது போனதும் மார்த்தாண்டத்தில் ஏழு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை.