வீட்டுக்கு போய் டியூஷன் ஆப் விக்கிறதா, எல்ஐசி ஏஜென்சியா? ரெண்டும் பண்ணவன் சொல்றேன்

டிகிரி முடிச்ச பசங்களுக்கு நம்ம ஊர்ல டக்குனு கிடைக்கிற வேலைன்னா சேல்ஸ்தான், அதுலயும் கமிஷன் சேல்ஸ். நான் ரெண்டு விதமும் பண்ணிருக்கேன். முதல்ல, வீட்டுக்கே போய் அப்பா அம்மாவ உக்கார வச்சு பிள்ளைக்கு டேபும் டியூஷன் ஆப்பும் சேத்து விக்கிற எட்டெக் வேலை, போஸ்ட் பேரு பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட். இப்ப எல்ஐசி ஏஜென்ட். சித்தி பையன் இந்த வருஷம் பி.இ. முடிச்சான், அவன் முன்னாடி இதே ரெண்டும் வந்து நிக்குது, அவனுக்கு போன்ல சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் எல்ஐசி பக்கம், அத முதல்லயே சொல்லிடுறேன்.

சம்பளத்த பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல. எட்டெக்ல மாசம் பொறந்தா ஃபிக்ஸட் சம்பளம் அக்கவுண்ட்ல விழும், மேல இன்சென்டிவ். எல்ஐசில என்ன மாதிரி சாதாரண ஏஜென்ட்டுக்கு ஃபிக்ஸட்னு ஒண்ணு கிடையாது. முதல் வருஷத்த மட்டும் பாத்தா எட்டெக் ஜெயிக்கும், சந்தேகமே இல்ல. ஆனா ஆஃபர் லெட்டர்ல போட்டிருக்கிற பெரிய தொகைல வேரியபிள் எவ்ளோன்னு பிரிச்சு பாருங்க, அது டார்கெட் அடிச்சாதான் வரும்.

எட்டெக் வேலை எப்படி இருக்கும்னா, காலைல இருந்து லீட் லிஸ்ட, அதாவது வாங்க வாய்ப்பு இருக்குறவங்க நம்பர் லிஸ்ட வச்சு கால் பண்ணணும், எவ்ளோ நேரம் பேசினோம்னு டாக் டைம் கணக்கு ஓடிட்டே இருக்கும், சனி ஞாயிறு கண்டிப்பா வேலை ஏன்னா அப்பதான் அப்பா அம்மா ரெண்டு பேரும் வீட்ல இருப்பாங்க. உள்ள போனதும் பிள்ளைய கூப்பிட்டு ஒரு கணக்கு கேக்கணும். அவனோட கிளாஸுக்கு கொஞ்சம் மேல உள்ள கேள்வியாத்தான் இருக்கும், பையன் முழிப்பான், அந்த நேரத்துல அம்மா முகம் மாறும் பாருங்க, அங்க இருந்துதான் பேச்ச ஆரம்பிக்கணும்னு டிரெய்னிங்லயே சொல்லிக் கொடுத்தாங்க. யோசிச்சு சொல்றோம்னு அவங்க சொன்னா மேனேஜர் லைன்ல வருவார், டவுன் பேமென்ட் இன்னைக்கே வாங்கிட்டுத்தான் எந்திரிக்கணும். பத்து வயசு பிள்ளைய அவன் வீட்லயே வச்சு கூனி குறுக வைக்கிறது எனக்கு கடைசி வரைக்கும் பிடிக்கல.

ஆனா நான் இதுல முடிவெடுத்தது அத வச்சு மட்டும் இல்ல. வித்து முடிச்சதுக்கு அப்புறம் அந்த காசும் அந்த குடும்பமும் என்ன ஆகுதுங்கிறதுதான் எனக்கு எல்லாத்தையும் தீர்மானிச்ச விஷயம், இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

திருப்பூர் பக்கம் எனக்கு ஏரியா. பனியன் கம்பெனில டெய்லர், செக்கிங், அயர்ன்னு வேலை பாக்குற குடும்பங்க, வாரச் சம்பளம், பீஸ் ரேட், அதாவது எத்தனை பீஸ் முடிச்சாங்களோ அதுக்கான கூலி. ஆர்டர் இருந்தா நைட்டும் ஓடும், இல்லாத மாசம் பாதி நாள் வீட்ல இருப்பாங்க. அவங்ககிட்ட முப்பதாயிரம், அம்பதாயிரம், மூணு வருஷ பேக்குன்னா அதுக்கும் மேல போற கோர்ஸ விக்கணும். கைல மொத்தமா காசு இருக்காது, அதனால ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி லோன், நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டி இல்லாத மாசத் தவணைன்னு பேரு. ஆதார், பான், ஒரு ஓடிபி, ஆட்டோ டெபிட்டுக்கு ஒரு சம்மதம், அவ்ளோதான் முடிஞ்சிருச்சு. ஸ்கூல் ஃபீஸ் மாதிரி மாசா மாசம் கட்டுறோம், வேண்டாம்னா நிறுத்திக்கலாம்னுதான் நிறைய பேரு நினைச்சுட்டு இருந்தாங்க. அது அவங்க பேர்ல எடுத்த கடன். பிள்ளை ஆப்ப தொறக்கவே இல்லைன்னாலும் தேதி வந்தா காசு போகும், அக்கவுண்ட்ல இல்லைன்னா பவுன்ஸ் சார்ஜ், அப்புறம் கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பேங்க் பாக்குற சிபில் ஸ்கோர் அடிவாங்கும், நாளைக்கு நகைக்கடனத் தவிர வேற எதுக்கும் பேங்க் படி ஏற முடியாது.

அந்த மாசம் அவங்க யாருக்கு போன் பண்ணுவாங்க? கஸ்டமர் கேருக்கு இல்ல, வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டு போன பையனுக்குத்தான். நான் வேலைய விட்டதுக்கு அப்புறமும் போன் வந்துச்சு, என்னால அந்தக் கடன நிறுத்திக் கொடுக்க முடியாது. இன்னொரு பக்கம், ரீஃபண்ட் டைமுக்குள்ள குடும்பம் கேன்சல் பண்ணா என் இன்சென்டிவ் ரிவர்ஸ் ஆகும், அதாவது திரும்ப பிடிச்சுக்குவாங்க, அதனால அந்த டைம் முடியற வரைக்கும் அவங்கள எப்படியாவது பேசி இழுத்துப் பிடிக்கணும்னு ஆபீஸ்ல பிரஷர். அவங்களுக்கு எது நல்லதோ அது எனக்கு நஷ்டம். வேலையோட அமைப்பே அப்படித்தான்.

இது ஒரு கம்பெனி கதையும் இல்ல. 2021 டிசம்பர்லயே மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டுச்சு, எட்டெக் சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கொடுக்காதீங்கன்னு அதுல இருந்துச்சு. 2022 டிசம்பர்ல தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பைஜூஸ்ங்கிற எட்டெக் கம்பெனியோட தலைவருக்கு சம்மன் அனுப்புச்சு (நான் இருந்தது அந்த கம்பெனி இல்ல), அதுக்கு அப்புறம்தான் அவங்க வீட்டுக்கு போய் விக்கிறத நிறுத்துறோம், மாச வருமானம் 25,000க்கு கீழ இருக்குற குடும்பத்துக்கு விக்க மாட்டோம்னு சொன்னாங்க. 2022ல 2,200 கோடி டாலர் மதிப்புன்னு பேசப்பட்ட அதே கம்பெனி 2024 ஜூலைல பெங்களூரு என்சிஎல்டில, அதாவது கம்பெனி வழக்குகள பாக்குற தீர்ப்பாயத்துல, திவால் வழக்குக்குள்ள போச்சு. வித்த பொருளுக்கு பின்னாடி நிக்க கம்பெனி இருக்குமாங்கிறதும் ஒரு கேள்வின்னு அப்பத்தான் எல்லாருக்கும் உறைச்சுச்சு.

இப்ப எல்ஐசிக்கு வரேன். வருஷம் 40,000 பிரீமியம் கட்டுற ஒரு நீண்ட கால பாலிசிய எடுத்துக்குங்க. 2024 அக்டோபர்ல முதல் வருஷ கமிஷன 35 சதவீதத்துல இருந்து 28 ஆக்கிட்டாங்க, பதிலுக்கு ரினியூவல் கமிஷன 5ல இருந்து 7.5 ஆக்குனாங்க. ஏஜென்ட்டுங்க நிறைய பேரு கோவப்பட்டாங்க, எனக்கு அந்த மாத்தம் தப்பா படல. முதல் வருஷம் 11,200, அப்புறம் அவங்க கட்டுற ஒவ்வொரு வருஷமும் 3,000. அவங்க நிறுத்திட்டா எனக்கும் நின்னு போச்சு. அதனால அவங்களால கட்ட முடியற அளவு பிரீமியத்த போடுறதுதான் எனக்கும் லாபம், இழுத்து கட்டி பெருசா போட்டா மூணாவது வருஷம் ரெண்டு பேரும் அடிபடுவோம். பனியன் கம்பெனிக்காரங்களுக்கு நான் காலாண்டு பிரீமியமா, இல்லைன்னா அரையாண்டு பிரீமியமா போட்டுத் தரேன், தேதி தாண்டியும் கட்ட 30 நாள் கிரேஸ் டைம் இருக்கு, அதையும் தாண்டி பாலிசி லேப்ஸ் ஆகி நின்னு போனாலும் அஞ்சு வருஷத்துக்குள்ள வட்டியோட கட்டி உயிர்ப்பிக்கலாம். ஆர்டர் இல்லாத மாசத்த இது தாங்கும், லோன் இஎம்ஐ தாங்காது.

இதுல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதல் ரெண்டு வருஷம் வீட்டுச் செலவுக்கே இழுபறிதான். சொந்தக்காரங்க நம்மள பாத்தாலே போன எடுத்து காதுல வச்சுக்குவாங்க. முதல் பிரீமியத்துல பாதிய நீங்க போடுங்கன்னு கஸ்டமர் கேப்பாங்க, கமிஷன்ல பங்கு கொடுக்கிறது இன்சூரன்ஸ் சட்டம் 41வது பிரிவுப்படி தப்பு, அபராதம் 10 லட்சம் வரைக்கும் போகலாம், ஆனாலும் கொடுக்கிற ஏஜென்ட் ஊர்ல இருக்காங்க, அவங்களோட போட்டி போடணும். அப்புறம் இங்கயும் பொய் சொல்லி விக்க முடியும். சின்ன வயசு அப்பாவுக்கு நல்லது டேர்ம் பிளான்தான், அதாவது இறந்தா மட்டும் குடும்பத்துக்கு காசு வர்ற பாலிசி, ஆனா பிரீமியம் கம்மிங்கிறதால கமிஷனும் கம்மி, அதனால நிறைய பேரு அந்த பேச்சையே எடுக்க மாட்டாங்க. நான் எடுக்குறேன், அந்த வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்கு அவங்களே அனுப்பி வைக்கிறாங்க.

மூணாவதா பேங்க்ல கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் விக்கிற கான்ட்ராக்ட் வேலை இருக்கு. நான் பண்ணதில்ல, என் ஃப்ரெண்ட் ரெண்டு பேரு சொன்னத வச்சுத்தான் சொல்றேன், சம்பளம் ஒழுங்கா வருது, பேங்க் ஸ்டாஃபா ஆவோம்னு நம்பி மட்டும் போகாதீங்க. அதே மாதிரி எட்டெக்ல இப்ப ஆபீஸ்ல உக்காந்து ஜூம்ல விக்கிற வேலைகள் நிறைய, நான் பாத்தது வீட்டுக்கு போற காலம், ஜூம்ல கொஞ்சம் மாறியிருக்கலாம்.

அப்பவும் எட்டெக்தான்னா, தம்பிகிட்ட சொன்னதயே சொல்றேன், ஹெச்ஆர் கிட்ட மூணு விஷயத்த மெயில்ல எழுதி வாங்கு: கேன்சல் ஆனா இன்சென்டிவ் எத்தனை நாள் வரைக்கும் ரிவர்ஸ் ஆகும், டிரெய்னிங்ல வித்துக் காட்டுனாதான் வேலை நிரந்தரமா, லோன் எந்த ஃபைனான்ஸ் கம்பெனி வழியா போகுது, அத குடும்பத்துக்கு யாரு விளக்குவாங்க. வாயால சொல்றோம்னா விட்டுடு. எல்ஐசின்னா பக்கத்து பிராஞ்ச்ல ஏஜென்ட்டுங்கள சேக்குற ஒரு டெவலப்மென்ட் ஆபீசர பாத்தா போதும், பத்தாவது பாஸ் பண்ணிருந்தா போதும், டிரெய்னிங் முடிச்சு ஏஜென்ட் ஆகுறதுக்கான ஐசி 38 பரீட்சை எழுதணும், தமிழ்லயே எழுதலாம். அதுக்கு முன்னாடி ஆறு மாச வீட்டுச் செலவ கைல வச்சுக்க, இல்ல பார்ட் டைமா ஆரம்பி.