பேசும் ஏஐ துணை: பாம்பன் கரையில் எவ்வளவு தேறும்?

தமிழில் பேசும் ஏஐ துணைச் செயலிகளை 'உங்க மனசு எனக்குப் புரியும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

"நாலு நாளா பாடு இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். பாடு என்றால் இங்கே மீன்வரத்து. செயலி அதைப் பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். "மீன் சிக்கல" என்று மாற்றிச் சொன்னால் ஆறுதல் மளமளவென்று வரும். தமிழும் மோசமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கடலுக்குப் போன வல்லம் (நாட்டுப்படகு) இன்னும் கரை சேரவில்லை என்று சொல்ல வருபவருக்கு நடுவில் தொண்டை அடைக்கும். ஓரிரு நொடி சத்தம் இல்லையென்றால் பேச்சு முடிந்தது என்று கணக்குப் போட்டு, செயலி தன் பேச்சைத் தொடங்கிவிடும். பல செயலிகளில் குரல் முதலில் எழுத்தாகிறது. எழுத்தில் விம்மல் ஏறாது. வாடைக்காற்று மைக்கில் அடித்தால் சொல்லாத சொல் வேறு ஏறும். துக்க வீட்டில் வாய் திறக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அப்பத்தாவின் வேலை இதற்கு வராது.

பழக்கினால் வருமா? அடுத்த சொல்லைக் கணிக்கப் பழக்கிய பிறகு, இரண்டு பதில்களில் ஆட்களுக்குப் பிடித்தது எதுவோ அதன் பக்கம் சாய்க்கிறார்கள். எந்த ஆறுதல் பிடிக்கும் என்பது அதற்குப் படிந்துவிடுகிறது, வலி படிவதில்லை. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி அறிஞர் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, சொன்னதையே கேள்வியாகத் திருப்பிய நிரல்தான். அதனுடன் தனியாகப் பேச அவருடைய செயலாளரே அவரை அறையை விட்டுப் போகச் சொன்னார்!

பிடித்ததைச் சொல்லப் பழகியதால் ஆமாம் போடும் குணமும் ஒட்டிக்கொள்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று ஒருமுறை ஆசையாகவும் ஒருமுறை பயந்தும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் உங்கள் பக்கமே சாயும்.

செயலியை வாங்கிவிட்டீர்களா? பேசாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். முதல் வரியில் "ஆறுதல் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள்" என்று எழுதி, பாடு, கச்சான் (மேல்காற்று), பாசி (கடற்பாசி) ஆகியவற்றுக்கு இங்குள்ள பொருளையும் கொடுங்கள். நினைவு வசதி இல்லாத செயலி அடுத்த உரையாடலில் மறந்துவிடும். அந்த வரிகளைச் சேமித்து ஒட்டுங்கள். நிவாரண மனு எழுத அருமையான ஆள்.

படகு தாமதமானால் இதனிடம் புலம்பாமல் கடலோரக் காவல்படையின் 1554க்கு அடியுங்கள். மனசு தாங்காத இரவுக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: கட்டணம் கிடையாது, தமிழிலேயே ஆள் பேசும்.