காசு கொடுத்து ஸ்டார்ட் மெனு வாங்காதீர்கள்

விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனு பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த எரிச்சலைக் காசாக்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. அப்படி ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி ஏமாந்த அனுபவம் இது.

"விண்டோஸ் 7 தோற்றம் ஒரே சொடுக்கில்" என்று தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வந்தது. நிறுவும்போது 'பரிந்துரைக்கப்படுவது' என்ற பொத்தான் பச்சையில் பளிச்சிடும். 'தனிப்பயன்' என்பதோ வேலை செய்யாத பொத்தான்போல வெளிர் சாம்பலில் ஒதுங்கியிருக்கும். அதற்குள் போனால், தேடுபொறியை மாற்றவும் 'கணினியைச் சுத்தம் செய்யும்' கருவி ஒன்றைச் சேர்க்கவும் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். டிக்கை எடுத்தும் அந்தக் கருவி வந்து குந்திக்கொண்டது. ஏதேதோ பிழைகளைக் காட்டி, சரிசெய்யத் தனியாகப் பணம் கேட்டது.

மெனு மட்டும் நன்றாகவே இருந்தது. இருக்காதா பின்னே? கோப்புறையைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தவை ஓப்பன் ஷெல் என்ற இலவச மென்பொருளின் கோப்புகள்! அது வெளியிடப்பட்டிருக்கும் 'எம்ஐடி' என்ற தாராளமான உரிமம், பிறர் அதை விற்பதைத் தடுக்கவில்லை. உரிமக் குறிப்பைக் கூடவே வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூட உருவியெடுத்துவிட்டார்கள்.

அடுத்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டாஸ்க்பார் மின்னி மின்னி மறைந்தது. மென்பொருளை நீக்கினாலும் மறுநாள் திரும்ப வந்தது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பதிவை ஒளித்து வைத்திருந்தார்கள். அதை அழித்த பிறகே தொல்லை ஓய்ந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்." சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாமலிருக்க வங்கியில் சொல்லி அட்டையையே முடக்க வேண்டியதாயிற்று.

மெனுவை இடப்பக்கம் நகர்த்துவதுதான் தேவையென்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார் பகுதியிலேயே அந்த வசதி இருக்கிறது. நிறம், வெளிப்படைத்தன்மை எல்லாம் அதே பெர்சனலைசேஷனில் 'கலர்ஸ்' என்பதற்குள். பழைய மெனுதான் வேண்டுமென்றால் ஓப்பன் ஷெல்லை, அதை உருவாக்குபவர்களே வெளியிடும் கிட்ஹப் தளப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2016 ஆகஸ்டில், அதன் முன்னோடியான கிளாசிக் ஷெல்லின் நிறுவல் கோப்பையே ஒரு பதிவிறக்கத் தளத்தில் ஹேக்கர்கள் மாற்றிவைத்து, பலருடைய கணினிகளைத் திறக்கவே முடியாமல் செய்திருக்கிறார்கள். இறக்கிய கோப்பை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் வெளியிட்டவரைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, இருந்தால் யார் பெயரில் என்று பார்த்துவிட்டே திறங்கள்.