ஃப்ளையிங் மெடிக்கலில் 'அன்ஃபிட்' வந்தால்: அப்பீலா, லேசிக்கா, தரைப்பணியா, சி.பி.எல்.லா?

விமானப்படையில் பைலட்டாகச் சேர அஃப்கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி, மைசூரு எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் தாக்குப்பிடித்து, பைலட் திறனைக் கணினியில் சோதிக்கும் சி.பி.எஸ்.எஸ்.ஸையும் தாண்டி, கடைசியில் பெங்களூரு மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்ற தாளோடு ரயிலேறும் பிள்ளைக்கு, வீடு வந்து சேருவதற்குள் நாலு பேர் நாலு யோசனை சொல்லிவிடுவார்கள். அப்பீல் போடு. லேசிக்கில் கண்ணை ஆபரேஷன் பண்ணு. தரைப்பணிக்குப் போ. சி.பி.எல். என்ற வணிக விமானி உரிமம் எடு. நாலும் உண்மையான வழிகள்தான், ஆனால் ஒரே ஆளுக்கு நாலும் பொருந்தாது. தாளில் எழுதியிருக்கும் காரணம் என்ன, ஃப்ளையிங்குக்கு வயது வரம்பான 24ஐத் தொட எத்தனை மாதம் பாக்கி: இந்த இரண்டையும் வைத்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கப் படைகளில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டே 'வெய்வர்' கேட்கலாம். அந்தக் குறையோடு பறக்கவிட்டால் என்ன ஆபத்து என்று எடைபோட்டு விலக்கு தருவார்கள், அல்லது மறுப்பார்கள். இங்கே சேரப்போகிறவர் கேட்கக்கூடியது மறுபரிசோதனை. 'எனக்கு மட்டும் தளர்த்துங்கள்' என்பதற்கு அதில் இடமில்லை. 'குறை இல்லை' அல்லது 'குறையைச் சரிசெய்துவிட்டேன்' என்று காட்டத்தான் இடம்.

அப்பீலின் பலமும் பலவீனமும் அதுதான். காதில் அழுக்கு, கூடுதல் எடை, மூக்குத் தண்டு வளைவு, வேரிகோசீல் (விதைப்பை நரம்பு வீக்கம்) போன்றவற்றுக்கு 'டெம்பரரி' என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கெடு பொதுவாக 42 நாள். அறுவை தேவைப்பட்டால் புண் ஆறும் நாளையும் அதற்குள் கணக்கிட வேண்டும் என்பதால், ஊருக்கு வந்து ஒரு வாரம் துக்கம் கொண்டாட நேரமில்லை. 'பெர்மனன்ட்' என்று வந்தாலும் அப்பீல் உண்டு. அதற்கும் மேலே ரிவ்யூ போர்டு உண்டு, ஆனால் அதைக் கேட்கலாமே தவிர உரிமையாகப் பெற முடியாது.

பைலட்டுக்கு உடல் அளவுகளும் உண்டு: கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் அதிகபட்சம் 64, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96. இவற்றில் விழுந்தவருக்கு அப்பீல் என்றால் திரும்ப அளப்பது மட்டுமே. கோட்டுக்குப் பக்கத்தில் சில மில்லிமீட்டர் என்றால் போய்ப் பார்க்கலாம். இரண்டு செ.மீ. குறைவு என்றால் ரயில் டிக்கெட் காசுதான் வீண். உயரம் குறைந்தபட்சமான 162.5 செ.மீ.யைத் தாராளமாகத் தாண்டியும் காலில் மட்டும் தட்டிப்போகிறவர்கள் உண்டு. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பெடலை முழுசாக மிதிக்கக் கால் எட்ட வேண்டும்; ஆபத்தில் விமானத்திலிருந்து நாற்காலியோடு வெளியே வீசப்படும் நொடியில் முழங்கால் முன்பலகையில் இடிக்கக் கூடாது. முதுகெலும்பு எக்ஸ்ரேயில் அவ்வளவு கறாராக இருப்பதற்கும் அந்த நொடிதான் காரணம்.

கிட்டப்பார்வைக்காரருக்கு அப்பீலைவிட லேசிக் மேல். ஆனால் அவசரப்பட்டால் அதுவே கதவை அடைத்துவிடும். 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கண்ணின் அச்சு நீளம், அதாவது முன்னிருந்து பின் வரையான நீளம், 25.5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. கண்ணின் முன்படலமான கார்னியாவின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. முன்பு 6 டயாப்டருக்கு மேல் பவர் இருந்தவர்களுக்கு இடமில்லை. ஆக 20இல் செய்தவருக்கு மூன்று வருடம் கிடைக்கிறது. 23இல் செய்பவருக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே அச்சு நீளத்தையும் கார்னியா தடிமனையும் அளந்து பாருங்கள். அளவே பொருந்தாதவர் ஏர்ஃபோர்ஸுக்காக லேசிக் செய்வதில் அர்த்தமில்லை. நிறப்பார்வைக் குறைக்கு லேசிக் எதுவும் செய்யாது.

மற்ற இரண்டு வழிகளில் தரைப்பணியை நம் வீடுகளில் ஆறுதல் பரிசாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் ஃபைட்டர் கன்ட்ரோலர் வேலையும் நிர்வாகப் பிரிவுக்குள்தான் வருகின்றன. ரேடார் திரையின் முன் உட்கார்ந்து போர் விமானத்தை எதிரியை நோக்கி வழிநடத்துபவர் ஃபைல் தள்ளும் குமாஸ்தா இல்லை. 2022இல் அறிவித்த 'வெப்பன் சிஸ்டம்ஸ்' பிரிவு இன்னும் சுவாரஸ்யம்: ஏவுகணைகள், ஆளில்லா விமானங்கள், இரட்டை இருக்கை விமானத்தில் பின்னால் இருந்து ஆயுதங்களை இயக்குவது எல்லாம் அதில் அடங்கும். தரைப்பணிக்கு வயது வரம்பு 26. குறுகிய காலப் பணி 10 வருடம், பைலட்டுக்கு 14. ஒரே சிக்கல், விண்ணப்பத்தில் ஃப்ளையிங்கை மட்டும் குறித்தவருக்கு இந்தக் கதவு அந்த முறை திறக்காது. கூடவே தரைப்பணியையும் விருப்பமாகக் கொடுத்தவரை, ஃப்ளையிங்குக்கு ஆகாவிட்டாலும் தரைப்பணிக்குப் பரிசீலிப்பார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஒரு வருடத்தை இழப்பவர்கள் பாவம்.

சி.பி.எல். என்பது பறக்கத்தான் வேண்டும், சீருடை எதுவானாலும் சரி என்பவருக்கு. 200 மணி நேரப் பறப்பு, செலவு அரை கோடி ரூபாயைச் சுற்றி. சி.பி.எல். தரும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் கிளாஸ் ஒன் மெடிக்கலில் கால் நீள அட்டவணை கிடையாது, கண்ணாடி போடலாம். அப்பா நிலத்தை விற்று ஃபீஸ் கட்டுவதற்கு முன் அந்தக் கிளாஸ் ஒன் சான்றிதழைக் கையில் வாங்கிவிட வேண்டும். ஏர்ஃபோர்ஸில் இதயத்திலோ நிறப்பார்வையிலோ விழுந்தவர் அங்கேயும் விழலாம்.

அப்புறம், சி.பி.எல். இருந்தால் அஃப்கேட் ஃப்ளையிங்கில் வயது வரம்பு 24இலிருந்து 26 ஆகும். லேசிக் செய்துவிட்டு 12 மாதம் காத்திருப்பவருக்கு இந்த இரண்டு வருடம் தங்கம். காலில் இரண்டு செ.மீ. குறைவென்று திரும்பியவருக்கு அதனால் பயனில்லை, 26 வயதில் போனாலும் அதே 99தான். அவர் சி.பி.எல். எடுப்பதானால் பயணிகள் விமானத்தை மனதில் வைத்தே எடுக்கட்டும்.