விமான எஞ்சினுக்கு ஹீட்டர் போடுகிறீர்களா? மூடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்

கனடாவில் எட்மன்டன் பக்கம் செஸ்னா 172 என்ற பழைய சின்ன விமானம் ஒன்று வைத்திருக்கிறேன். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை கட்டுப்படியாகாததால் வெட்டவெளியில்தான் நிற்கிறது. ஜனவரியில் மைனஸ் 25 இங்கே சர்வசாதாரணம். பெரும்பாலான லைக்கமிங் எஞ்சின்களை மைனஸ் 12-க்குக் கீழே போனால் சூடாக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று அவற்றைத் தயாரிக்கும் லைக்கமிங் கம்பெனியே சொல்கிறது. ஆயில் களி மாதிரி இறுகிவிடும், அது ஒன்று. அப்புறம், எஞ்சினின் அலுமினிய உறை உள்ளே இருக்கும் எஃகுத் தண்டைவிட அதிகமாகச் சுருங்கி, பேரிங்கில் ஆயில் ஓட வேண்டிய இடைவெளியையே நெருக்கிவிடும்.

அதனால் அக்டோபரில் முழு செட்டுக்குப் பணம் கட்டினேன். நான்கு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு ஹீட்டர், ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் ஆயில் தொட்டி) அடியில் ஒட்டும் ஹீட்டர் பேட் ஒன்று. பில்லிலும் அப்படியே இருந்தது. காவ்லிங்கை (எஞ்சின் மூடியை) மூடிய பிறகுதான் போய்ப் பார்த்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

இரவு முழுக்க பிளக்கில் போட்டுவிட்டுக் காலையில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். டிசம்பரில் ஒருநாள், சாவி வெளியே இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு (புரொப்பெல்லர் பக்கம் விளையாட்டு கிடையாது), முன்பக்கக் காற்றுத் துவாரத்தில் கையை விட்டு சிலிண்டரைத் தொட்டேன். ஐஸ்.

காவ்லிங்கைக் கழற்றினால் சிலிண்டரில் ஒரு ஹீட்டர்கூட இல்லை. கேட்டதற்கு மெக்கானிக், "சூடு மேலேதானே போகும், கீழே ஒன்று போதும்" என்றார். போதும் என்றால் ஐந்துக்கு ஏன் காசு வாங்கினார்?

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பேடின் ஒரு மூலை தோசை ஓரம் மாதிரி எழும்பி நின்றது. அடியில் பழைய ஆயில் கறையும் பெயின்ட்டும் அப்படியே. சுரண்டித் துடைத்து வெறும் உலோகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். எழும்பிய இடத்தில் சூடு இறங்க வழியில்லாமல் பேடே கருகியிருந்தது. வயரை எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிக் கட்டியதில் அதன் உறையும் உருகியிருந்தது. விமானத்தில் செய்த வேலைகளைப் பதியும் லாக் புத்தகத்தில் இந்த வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த ஒரு பக்கத்தை அக்டோபரிலேயே கேட்டிருந்தால் மாட்டியிருப்பார்.

மூன்று மாதம் இழுத்தடித்து நான்கு ஹீட்டரின் விலையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி கிடையாதாம், வேலை நடந்துவிட்டதாம்.