டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆல்பம்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதைக் கவனித்துக் கேட்கலாம்

டெய்லர் ஸ்விஃப்டைப் பாப் பாடகியாகவே அறிந்தவர்கள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடுவது, அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தைத்தான். 2006 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநில நாஷ்வில் நகரத்து பிக் மெஷின் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. 11 பாடல்கள், ஏறக்குறைய 40 நிமிடம். அப்போது அவருக்கு 16 வயது. பாஞ்சோவும் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் முழங்கும், அமெரிக்கத் தெற்கின் கிராமிய வழி இசையான கன்ட்ரியின் அசல் ஆல்பம் இது. குரலை மட்டும் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். எழுத்துக்காக வாங்குங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டு எழுதிய ஒரு சிறுமி எப்படி முன்னுக்கு வந்தார் என்பதற்கு இந்த சிடியைவிட நல்ல ஆதாரம் இல்லை.

முதலில் பதிப்பு விவகாரம். பழைய சிடி தேடுபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். 2006இல் வந்தது 11 பாடல் கொண்ட மூலப் பதிப்பு. 2007 நவம்பரில் டீலக்ஸ் பதிப்பு வந்தது. அதில் 'ஐ'ம் ஒன்லி மீ வென் ஐ'ம் வித் யூ', 'இன்விசிபிள்', 'எ பெர்ஃபெக்ட்லி குட் ஹார்ட்' என மூன்று பாடல்கள் கூடுதல், ஒரு டிவிடியும் உண்டு. பிறகு 'டியர்டிராப்ஸ் ஆன் மை கிட்டார்' பாடலின் பாப் வடிவத்தையும் சேர்த்து ஒரு பதிப்பு வந்தது. இன்று ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் கிடைப்பது இந்த 15 பாடல் வரிசைதான். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. முதலில் அச்சான சிடிகளில் 'பிக்சர் டு பர்ன்' பாடலில், பிரிந்துபோன காதலனை ஓரினச்சேர்க்கையாளன் என்று தன் நண்பர்களிடம் சொல்லிவிடுவதாக ஒரு வரி வரும். வானொலிக்குக் கொடுத்தபோது அதை மாற்றினார்கள். பின்னால் வந்த பதிப்புகளிலும் மாறிய வரிதான். மாற்றியது சரியான முடிவு, அந்த வரி இன்று காதில் உறுத்துகிறது. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய அச்சைத்தான் என்பதால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு யோசனை: 11ஆவது பாடலோடு நிறுத்திவிடுங்கள். ஆல்பம் 'அவர் சாங்' பாடலில் முடிய வேண்டும் என்று யோசித்து அடுக்கப்பட்டது. அதன் கடைசிக் காட்சியில் பாடுபவள் ஒரு பேனாவையும் பழைய நாப்கினையும் எடுத்து, இதுவரை நாம் கேட்ட பாட்டையே எழுதி வைக்கிறாள். அந்த இடத்தில் முடிந்தால்தான் ஆல்பத்துக்கு அழகு. அதற்குப் பின் வரும் நான்கும் தனியாகக் கேட்டால் மோசமில்லை, வரிசையில் வந்தால் அந்த முடிவைக் குலைத்துவிடுகின்றன.

சிடியாகவே வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் உள்ளே இருக்கும் பாடல் புத்தகம். வரிகள் அத்தனையும் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அச்சாகியிருக்கும். நடுவே சம்பந்தமே இல்லாத இடங்களில் ஒரு எழுத்து மட்டும் பெரிய எழுத்தாக இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ஒரு பாட்டை எடுத்து, பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டே வந்தால் ஒரு ரகசியச் செய்தி கிடைக்கும். 'டியர்டிராப்ஸ்' பாட்டில் 'அவனுக்குத் தெரியவே போவதில்லை' என்று வரும். 'எ பிளேஸ் இன் திஸ் வேர்ல்ட்' பாட்டில் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று வரும். 'தி அவுட்சைட்' பாட்டில் 'நீ தனியாக இல்லை'. சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது, நாம்தான் பிரித்துப் படிக்க வேண்டும். ரசிகர்களை வரிகளை உட்கார்ந்து படிக்கவைக்க அவர் செய்த வேலை இது. 2014 ஆல்பம் வரை தொடர்ந்தார். ஸ்ட்ரீமிங்கில் இதெல்லாம் கிடையாது.

இனி இந்த ஆல்பம் உருவான பின்னணி. பாடல்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு விடை அங்கேதான். 1989 டிசம்பர் 13 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா மெரில் லின்ச் நிறுவனத்தில் பங்குத் தரகர். சிறுவயது கழிந்தது கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் ஒரு பண்ணையில். அம்மா வழிப் பாட்டி மார்ஜரி ஃபின்லே ஓபரா பாடகி. ஆக, கன்ட்ரி இசையின் தாயகமான அமெரிக்கத் தெற்குப் பகுதிக்கும் இவருக்கும் பிறப்பால் தொடர்பு இல்லை. கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான். ஆல்பத்தில் பாடும்போது வரும் தெற்கத்திய இழுப்பு சில இடங்களில் கொஞ்சம் போட்டுக்கொண்டது போல ஒலிப்பதற்கும் இதுதான் காரணம்.

11 வயதில், டாலி பார்ட்டன், டிக்ஸி சிக்ஸ் பாடல்களைக் கரோக்கேயில் பாடிய டெமோவை (மாதிரிப் பதிவை) எடுத்துக்கொண்டு, நாஷ்வில்லில் இசை நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் மியூசிக் ரோ தெருவில் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார். ஒருவரும் மசியவில்லை. குரல் சரியில்லை என்று சொல்வதற்கில்லை. அந்தத் தெருவுக்கு அதே மாதிரி டெமோவோடு வருகிறவர்கள் ஏராளம், அடுத்தவர் பாட்டை நன்றாகப் பாடுவது அங்கே ஒரு தகுதியே இல்லை. ஊர் திரும்பி 12 வயதில் கிட்டார் கற்றார், சொந்தமாக எழுதத் தொடங்கினார். இந்த ஆல்பத்தின் 11 பாடல்களிலும் அவர் பெயர் எழுதியவராக இருப்பதற்கு விதை அந்த நிராகரிப்பு.

13 வயதில் ஆர்சிஏ இசை நிறுவனத்தோடு ஒரு வளர்ச்சி ஒப்பந்தம் கிடைத்தது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: கம்பெனி பணம் கொடுத்துப் பயிற்சி தரும், ஆனால் ஆல்பம் போடுவதாக வாக்குக் கொடுக்காது. 2004இல் குடும்பமே டென்னசியின் ஹெண்டர்சன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அலுவலக மாற்றல் வாங்கிக்கொண்டார். ஆர்சிஏவோ, 18 வயது வரை காத்திருக்கலாம் என்றது. ஸ்விஃப்ட் விலகிவிட்டார். ஆல்பத்தைக் கேட்டால் அந்த முடிவு எவ்வளவு சரியானது என்று புரியும். ஒன்பதாம் வகுப்பு மனநிலையில் எழுதிய பாட்டை 18 வயதில் பாடினால் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல இருந்திருக்கும். பெரிய லேபிளோடு (இசை வெளியீட்டு நிறுவனத்தோடு) இருந்த ஒப்பந்தத்தை 14, 15 வயதில் விட்டுவிட்டு வருவது நாஷ்வில்லில் அரிதான காரியம்.

14 வயதிலேயே சோனி/ஏடிவி இசைப் பதிப்பகத்தில் பாடலாசிரியராக ஒப்பந்தமானார். அங்கே அவ்வளவு சிறிய வயதில் யாரும் ஒப்பந்தமானதில்லை. அப்போது கிடைத்த துணை பாடலாசிரியர் லிஸ் ரோஸ். செவ்வாய்க்கிழமை தோறும் பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம் இருவரும் உட்காருவார்கள். மெட்டும் வரிகளும் பாதிக்குமேல் ஸ்விஃப்ட் கொண்டு வருவார், ரோஸ் வெட்டிச் சீராக்குவார். ஆல்பத்தின் 7 பாடல்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டணியின் விளைச்சல். மூன்றை ஸ்விஃப்ட் தனியாக எழுதினார்: 'தி அவுட்சைட்', 'ஷுட்'வ் செட் நோ', 'அவர் சாங்'. மிச்சம் ஒன்று வேறு இருவரோடு எழுதியது. தனியாக எழுதிய மூன்றில் இரண்டு, அமெரிக்க இசைத் தரவரிசையான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. இவருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

2005இல் ப்ளூபேர்ட் கஃபேயில் நடந்த நிகழ்ச்சியில் இசை நிறுவன நிர்வாகி ஸ்காட் போர்ஷெட்டாவின் பார்வை இவர்மேல் விழுந்தது. கடைவரிசை ஒன்றில் இருக்கும், சுமார் 90 பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன இடம் அது. பாடலாசிரியர்கள் கிட்டாரோடு தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக்காட்டுவார்கள். போர்ஷெட்டா அப்போது புதிதாக லேபிள் தொடங்கும் ஏற்பாட்டில் இருந்தார். பிக் மெஷினின் முதல் பாடகர்களில் ஒருவராக ஸ்விஃப்ட் சேர்ந்தார். அப்பா அந்த நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு வாங்கினார், மதிப்பு ஏறக்குறைய 1,20,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. வசதியான குடும்பம் என்பதை மறைக்கத் தேவையில்லை. பணம் வாய்ப்பைத் தரும். 'கோல்ட் ஆஸ் யூ' மாதிரி ஒரு பாட்டை எழுதித் தராது.

தயாரிப்பாளர் நேதன் சாப்மன். அதுவரை ஸ்விஃப்டுக்கு டெமோ பதிவு செய்து கொடுத்தவர், முழு ஆல்பம் தயாரித்த அனுபவமே இல்லாதவர். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களோடு முயன்று பார்த்துவிட்டு, டெமோவில் இருந்த உயிர் வரவில்லை என்று அவரிடமே திரும்பினார்கள். இந்தத் தேர்வின் பலனும் பாதிப்பும் இரண்டுமே காதில் விழுகின்றன. பலன், குரல் எப்போதும் முன்னே இருக்கும், ஒரு சொல்கூட வாத்தியத்தில் அமுங்காது. பாதிப்பு, வேகமான பாடல்களில் எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்மும் ஒரே மாதிரி நெருக்குகின்றன. 'பிக்சர் டு பர்ன்', 'ஷுட்'வ் செட் நோ' இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால் காது களைத்துவிடும். ஸ்பீக்கரில், சத்தத்தை மட்டாக வைத்துக் கேளுங்கள்.

பாடல்களில் உட்கார்ந்து ஆராய வேண்டியது 'டிம் மெக்ரா'. உயிரோடு இருக்கும், புகழின் உச்சியில் இருந்த ஒரு கன்ட்ரி நட்சத்திரத்தின் பெயரையே தலைப்பாக வைத்து அறிமுகமாவது துணிச்சல்தான். அதைவிட முக்கியம் அதன் யோசனை. கோடையோடு பிரியப்போகும் காதலன், இனி அந்த நட்சத்திரத்தை நினைக்கும்போதெல்லாம் அவருடைய ஒரு குறிப்பிட்ட பாட்டையும் கூடவே தன்னையும் நினைக்க வேண்டும் என்கிறாள் பாடுபவள். கணக்கு வகுப்பில் தோன்றிய யோசனையை லிஸ் ரோஸோடு பியானோவில் உட்கார்ந்து மிகக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். காரணம், காட்சிகள் முன்பே தயாராக இருந்தன: கறுப்பு உடை, பழைய ஜீன்ஸ், படுக்கைக்கு அடியில் பெட்டி, அதில் ஒரு கடிதம். பொதுவாகச் சொல்லாமல் பொருளைக் காட்டிச் சொல்வது என்ற இவருடைய முறை முதல் பாட்டிலேயே முழுதாக நிற்கிறது.

கிட்டார் பழகுகிறவர்களுக்கு இது நல்ல பாடம். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கே கார்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. எஃப் பாரே பிடிக்க விரல் வராவிட்டால் எஃப் மேஜர் 7 பிடித்துக்கொள்ளலாம், பாட்டு கெடாது. 'அவர் சாங்' டி, ஈ மைனர், ஜி, ஏ. கார்டுகள் அதைவிட எளிது. சிக்கல் வேகத்தில்: சொற்கள் தாளத்துக்குக் குறுக்கே விழும், மெதுவாகத் தட்டிப் பழகாமல் நேரடியாகப் பாட முயன்றால் இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிடும்.

'மேரிஸ் சாங்' அதிகம் பேசப்படாத பாட்டு. பக்கத்து வீட்டு முதிய தம்பதியிடமிருந்து பிறந்தது. 7 வயதும் 9 வயதுமாகத் தொடங்கி, 16, கல்யாணம், குழந்தை என்று நகர்ந்து, 87, 89 வயதை நினைத்துப் பார்ப்பதில் முடிகிறது. எண்களைப் படிக்கட்டு ஆக்கி ஒரு வாழ்க்கையை நாலு நிமிடத்துக்குள் சொல்லும் இந்தக் கட்டுமானம் கன்ட்ரி இசையின் பழைய கைவேலை. அதைப் பதின்வயதில் இவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் குறைவு.

பலவீனங்களும் உண்டு. உச்ச ஸ்தாயியில் குரல் மெலிந்து விளிம்பில் நடுங்குகிறது. 'எ பிளேஸ் இன் திஸ் வேர்ல்ட்', 'ஸ்டே பியூட்டிஃபுல்' இரண்டிலும் அந்தப் பொருளைக் காட்டும் முறை நழுவி, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரிகள் வந்துவிட்டன. நடுவில் ஆல்பம் தொய்வது அங்கேதான்.

ஆல்பம் தானாக ஓடவில்லை. கன்ட்ரி வானொலியைக் கேட்பவர்கள் நடுத்தர வயதினர், 16 வயதுப் பெண்ணின் பாட்டு அங்கே எடுபடாது என்பதுதான் அன்றைய கணக்கு. 2006இல் மாதக்கணக்கில் வானொலி நிலையங்களுக்கு நேரில் போய்ப் பாடினார். சிங்கிள் சிடிகளை அம்மாவும் மகளும் உறையில் போட்டு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் ரசிகர்களுக்குத் தானே பதில் எழுதினார். ராஸ்கல் ஃபிளாட்ஸ் குழுவின் 2006 இசைப் பயணத்தில் கடைசி 9 நிகழ்ச்சிகளில், முதன்மைக் குழுவுக்கு முன்னால் பாடும் தொடக்கப் பாடகியாக இடம் கிடைத்தது, பிறகு ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், பிராட் பெய்ஸ்லி பயணங்களிலும். 'டிம் மெக்ரா' கன்ட்ரி பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. 'அவர் சாங்' முதலிடத்தில் 6 வாரம் நின்றது. தனியாக எழுதித் தானே பாடி அந்த இடத்தைப் பிடித்தவர்களில் அவர்தான் அன்று மிக இளையவர். ஆல்பம், எல்லா வகை ஆல்பங்களுக்குமான பில்போர்டு 200 பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்து, அதிகபட்சம் 5ஐத் தொட்டு, 2009 முடிவதற்குள் 157 வாரம் இருந்தது. முதல் வாரத்தில் வெடித்து அடங்காமல், கேட்டவர் சொல்லிக் கேட்டவர் என்று மெல்லப் பரவியதை அந்த எண்ணே காட்டுகிறது.

2019இல் இந்த ஆல்பத்தின் மூலப்பதிவு உரிமை ஸ்விஃப்டின் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறியபின் ரசிகர்களில் பலர் பழைய பதிப்பைக் கேட்பதையே தவிர்த்தார்கள். 2025 மே மாதம் ஸ்விஃப்ட் தன் மூலப்பதிவுகளை வாங்கிவிட்டதால் அந்தத் தயக்கம் இனி வேண்டாம். இந்த ஆல்பத்தை முழுதாக மறுபதிவு செய்து வைத்திருப்பதாகவும் அப்போது சொன்னார். அதற்காகக் காத்திருந்து பழையதை ஒதுக்க வேண்டியதில்லை. முதிர்ந்த குரலில் பாடல்கள் திருத்தமாக வரும், 16 வயது வராது.

பாடல் புத்தகம் கிழியாமல் இருக்கும் 11 பாடல் சிடி கிடைத்தால் முதல் தேர்வு அதுவே. கிடைக்காவிட்டால் 2007 டீலக்ஸ். முழுதும் கேட்க நேரமில்லாதவர்கள் 'டிம் மெக்ரா', 'கோல்ட் ஆஸ் யூ', 'மேரிஸ் சாங்', 'அவர் சாங்' நான்கையும் இதே வரிசையில் கேட்டுவிட்டு 2008இல் வந்த 'ஃபியர்லெஸ்' ஆல்பத்துக்குப் போகலாம்.